தோட்டாக் கழுத்து: அந்த 0.005 எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் துப்பாக்கி சுடும் விளையாட்டில் இறங்கியிருக்கும் தமிழர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இந்த வட்டாரத்தில் பலரும் படித்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்களில் இப்படி ஒரு கட்டுரை ஒரு வீட்டோடு நிற்காது. கட்டுரையில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அதன் கீழே கட்டம் கட்டிப் போட்ட குறிப்பை அப்படியே விட முடியாது. 'காலி கேஸை மறுபடி நிரப்பும்போது அதன் கழுத்தை 0.005 அங்குலம் இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு குறி' என்று அதில் இருந்தது. (கேஸ் என்பது தோட்டாவின் பித்தளைக் கூடு; கழுத்து என்பது அதில் குண்டு உட்காரும் குறுகிய வாய்ப்பகுதி.) எண்ணும் தவறு, அதிலிருந்து எடுத்த முடிவும் தவறு. குடியாத்தத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன பிள்ளைகள் இணையத்தில் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். அங்கே இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு; நாளைக்கே இதைச் செய்து பார்க்கக் கூடியவர்கள் அவர்கள்தான்.

உள்ளூர் வாசகர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா செய்வதற்கு உரிமம் வேண்டும். தோட்டாவின் உதிரி பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும்கூட அந்தச் சட்டத்தில் தோட்டா என்ற கணக்கில்தான் வரும். துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக வீட்டில் தோட்டா ஏற்றும் பிரஸ் வாங்கி மாட்டிவிட முடியாது. கீழே எழுதியிருப்பது அனுமதி உள்ள இடத்தில், தகுந்த கையேட்டை வைத்துக்கொண்டு செய்பவர்களுக்கு.

சுட்ட பிறகு வெளியே விழும் பித்தளைக் கேஸின் கழுத்து, வெடி அழுத்தத்தில் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவர் வரை விரிந்திருக்கும். அதில் குண்டைப் போட்டால் தொளதொளவென்று உள்ளே போய்விடும். அதனால் கழுத்தை டை என்னும் எஃகு அச்சில் விட்டுச் சுருக்குகிறார்கள். குண்டின் விட்டத்தைவிடக் கழுத்தின் உள்விட்டம் கொஞ்சம் சிறியதாக இருந்தால், குண்டை அழுத்தி வைக்கும்போது பித்தளை விரிந்து கொடுத்துத் திரும்பக் கவ்விக்கொள்ளும். ராணிப்பேட்டை பட்டறைகளில் ஷாஃப்ட்டில் பேரிங் ஏற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிது அல்ல. எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதில்தான் பேச்சு.

.308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டா ரகத்தையே எடுத்துக்கொள்வோம். குண்டின் விட்டம் 0.308 அங்குலம், அதாவது 7.82 மில்லிமீட்டர். கழுத்துச் சுவரின் கனம் 0.014 அங்குலம் என்றால், குண்டு ஏறிய கழுத்தின் வெளிவிட்டம் 0.308 உடன் இரண்டு சுவர் சேர்த்து 0.336. குண்டு ஏற்றும் முன் அதே கழுத்து வெளியே 0.334 அளந்தால் இறுக்கம் 0.002 அங்குலம், ஏறக்குறைய 50 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தாளில் சுடும் போட்டிக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடும் போல்ட் ரைபிளுக்கு 0.001 முதல் 0.002 வரை வைக்கிறார்கள். மேகசினிலிருந்து தானே ஏறும் துப்பாக்கிக்கு 0.003 வரை போகலாம். அதற்கு மேல் போய்ப் பயனில்லை.

ஏன் பயனில்லை என்பதைக் கட்டுரையாளர் ஒரே ஒரு கேஸை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் இல்லாத வெறும் கேஸின் கழுத்தை 0.005 குறைவாகச் சுருக்கி, ஒரு குண்டை ஏற்றி, புல்லர் என்ற பிடுங்கும் கருவி போட்டு அந்தக் குண்டைத் திரும்ப எடுத்துவிட்டுக் கழுத்தை அளந்து பார்க்க வேண்டும். 0.005 அங்கே இருக்காது. பித்தளையின் பதத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 0.001, மிஞ்சிப்போனால் 0.002. மிச்சத்தை அந்தக் குண்டே இடித்து விரித்துவிட்டது. பித்தளை ஓர் அளவு வரைதான் வில் போல விரிந்து திரும்பும்; அதைத் தாண்டினால் விரிந்தது விரிந்ததுதான். ஆகவே 0.005 என்று சுருக்கினாலும் கவ்வும் பிடி கிட்டத்தட்ட 0.002க்கு உரியதுதான். நஷ்டம் மட்டும் கூடுதல்: குண்டின் செம்பு உறை சிராய்க்கும், குண்டு கோணலாக உட்காரும், ஏற்றும் விசை கேஸுக்குக் கேஸ் மாறும்.

அப்படியானால் 0.005 எங்கிருந்து வந்தது? ஊகிக்க முடிகிறது. பெட்டியிலிருந்து எடுத்த சாதாரண டை கழுத்தை முதலில் அளவுக்கு மீறிச் சுருக்கும். கனமான சுவரோ மெல்லிய சுவரோ, எல்லாக் கம்பெனிக் கேஸுக்கும் பொருந்த வேண்டுமே. .308இல் வெளிவிட்டத்தை 0.330 வரைகூடக் கொண்டுபோய்விடும். கேஸை வெளியே இழுக்கும்போது டைக்குள் தொங்கும் உருண்டை, எக்ஸ்பேண்டர் என்பார்கள், கழுத்துக்குள் புகுந்து 0.306, 0.307 வரை விரித்துவிட்டுப் போகும். சுருக்கியது 0.005, 0.006 ஆனாலும் கடைசியில் நிற்பது ஒன்றோ இரண்டோதான். யாரோ உருண்டை வேலை செய்வதற்கு முந்திய அளவைச் சொல்ல, அதுவே இறுக்கமாக அச்சேறியிருக்கிறது.

அந்த உருண்டையே பாதி வம்புக்குக் காரணம். முதலில் நசுக்கி, பிறகு உள்ளேயிருந்து இழுத்து விரிப்பதால் பித்தளை ஒரே சுற்றில் இரண்டு முறை வேலை வாங்கப்படுகிறது. கழுத்துக்குள் மசகு இல்லாவிட்டால் உருண்டை 'கிரீச்' என்று இழுத்துக்கொண்டு வரும். அந்த இழுப்பில் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும், கழுத்துக்குக் கீழே கேஸ் அகலும் தோள்பட்டையும் நீளும். இதைத் தவிர்க்க இரண்டு வழி உண்டு.

ஒன்று, புஷ் மாற்றக்கூடிய டை. புஷ் என்பது டைக்குள் இருந்து கழுத்தைச் சுருக்கும் வளையம். 0.001 அங்குல இடைவெளியில் புஷ்கள் கிடைக்கும். குண்டு ஏற்றிய கழுத்தை அளந்து, அதிலிருந்து 0.002 கழித்தால் வாங்க வேண்டிய புஷ்: மேலே சொன்ன கணக்கில் 0.334. பழைய, இறுகிய பித்தளை டையை விட்டு வெளியே வந்ததும் கொஞ்சம் திரும்ப விரியும், அதற்கு 0.333 வேண்டியிருக்கலாம். இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மாட்டும்போது டையின் மேல் மூடியை இறுக்கிவிட்டு, ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்கு முதல் எட்டில் ஒரு பங்கு வரை திரும்பத் தளர்த்த வேண்டும். டையை ஆட்டினால் புஷ் லேசாகக் கலகலக்க வேண்டும். இறுக்கி முடுக்கிவிட்டால் அது கழுத்தின் மையத்தைத் தேடிக்கொள்ளாது. சுட்ட கழுத்து 0.343 இருந்து 0.334க்கு ஒரே அடியாக இறக்கினால், பித்தளை புஷ்ஷைவிடவும் சிறியதாகிவிடும், கோணலும் வரும். நடுவில் 0.338 போல ஒரு புஷ்ஷில் விட்டு இரண்டு தவணையாக இறக்கலாம்.

இன்னொன்று மாண்ட்ரல். கழுத்தை 0.003, 0.004 சுருக்கிவிட்டு, நேரான ஒரு எஃகுத் தண்டை மேலிருந்து கழுத்துக்குள் தள்ளி விரிப்பது. 0.306 தண்டு போட்டால் பித்தளை 0.0005 முதல் 0.00075 அங்குலம் வரை சுருங்கி நிற்கும். புஷ்ஷில் பித்தளை பின்வாங்கினால் கழுத்து பெரிதாகும். மாண்ட்ரலில் பின்வாங்கினால் சிறுக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 'டை சரியில்லை' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. மாண்ட்ரலில் இன்னொரு லாபம்: சுவர்க் கனத்தில் உள்ள ஏற்ற இறக்கம் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, குண்டைத் தொடும் உள்பக்கம் சீராகிறது. புஷ் அதற்கு நேர்மாறு. வெளியே அழகாக்கிவிட்டு மேடு பள்ளத்தை உள்ளே தள்ளும். கனம் ஒரே சீராக இல்லாத மலிவு கேஸுக்கு என் ஓட்டு மாண்ட்ரலுக்குத்தான்.

அளப்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டிஜிட்டல் வெர்னியர் திரையில் 0.01 மில்லிமீட்டர் காட்டும்; ஆனால் அதன் பிழையே அதைவிடக் கூடுதல். 50 மைக்ரானைப் பிடிக்கப் போகிற வேலைக்கு 20, 30 மைக்ரான் தப்பும் கருவி உதவாது. வெளிவிட்டத்துக்கு மைக்ரோமீட்டர், சுவர்க் கனத்துக்கு உருண்டை முனை வைத்த மைக்ரோமீட்டர், உள்விட்டத்துக்கு பின் கேஜ் என்ற அளவு ஊசி. கழுத்தைச் சுற்றி மூன்று இடத்தில் அளந்து பார்த்தால் போதும்.

இனி, கட்டுரை தொடவே இல்லாத விஷயம். அளவு 0.002 என்று எல்லாக் கேஸிலும் மைக்ரோமீட்டர் சத்தியம் செய்தாலும், பிடி ஒன்றுபோல் இருக்காது. பிடியைத் தீர்மானிப்பது பித்தளையின் பதமும் உராய்வும். கேஸ் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது ஒரு விரிவு, சுருக்கும்போது ஒரு நசுக்கு, ஏற்றும்போது ஒரு விரிவு என்று வேலை கொடுக்கக் கொடுக்க அது இறுகும். அண்டா தட்டுகிற கன்னார் நடுநடுவே நெருப்பில் காட்டாமல் தட்டிக்கொண்டே போனால் விளிம்பு விரிகிறதே, அதே கதைதான். இறுகிய கழுத்து டையிலிருந்து கூடுதலாகத் துள்ளித் திரும்பும், இறுக்கம் 0.002 என்று நினைத்தது 0.001 ஆகிவிடும். ஐந்தாறு முறை சுட்ட கேஸையும் ஒரு முறை சுட்டதையும் ஒரே பெட்டியில் கலந்து ஏற்றினால் குறித்தாளில் மேலும் கீழுமாகத் துளை விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசியில் கழுத்தில் நெடுக்காக ஒரு மயிரிழை விரிசல் விடும். அந்தக் கேஸைக் குறட்டால் நசுக்கித் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இதற்குப் பரிகாரம், பதம் காய்ச்சுவது, அதாவது சூடு காட்டி இறுகிய பித்தளையை இளக வைப்பது. ப்ரைமர் கழற்றிய கேஸில் மட்டும் செய்ய வேண்டும். ப்ரைமர் உள்ள எதையும் நெருப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கேஸைச் சுழற்றியபடி எரிவாயு அடுப்புச் சுடரின் நுனியைக் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் காட்ட வேண்டும். கழுத்து சில வினாடிகளில் 400 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும். வெப்பம் காட்டும் பூச்சுகள் இதற்கென்றே கிடைக்கின்றன: 400 டிகிரிப் பூச்சைக் கழுத்துக்குள்ளும், 250 டிகிரிப் பூச்சைத் தோளுக்குக் கீழே உடம்பிலும் தடவி, மேலே உருகி, கீழே உருகாமல் இருக்கும் வினாடிக் கணக்கைப் பிடித்துக்கொண்டு அதையே எல்லாக் கேஸுக்கும் வைக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் கழுத்து லேசாகச் சிவக்கத் தொடங்கினாலே எடுத்துவிடலாம். பளபளவென ஆரஞ்சு நிறம் வந்துவிட்டால் கெட்டது. பித்தளை செத்துப்போய் வில்தன்மை இழந்துவிடும், குண்டைப் பிடிக்காது. அதைவிட மோசம் சூடு அடிப்பாகம் வரை இறங்குவது. அடி இறுகலாக இருந்தால்தான் வெடி அழுத்தத்தைத் தாங்கும். அது இளகிய கேஸ் அறைக்குள் கிழிந்தால் சூடான வாயு சுடுகிறவர் முகத்துக்கு வரும். அடி காய்ந்த கேஸைத் திருத்த வழியே இல்லை.

இரும்பு வேலை பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ந்த எஃகைத் தண்ணீரில் போட்டால் இறுகும், பித்தளை இறுகாது. கேஸைத் தண்ணீரில் போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம்; போட்டால் சூடு கீழே இறங்காமல் நிற்கும், பிறகு உலர்த்துகிற வேலை ஒன்று கூடும். பதம் காய்ச்சுவதைச் சுருக்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் செய்யலாம், மூன்று சுற்றுக்கு ஒருமுறையும் செய்யலாம். முறை மாறக் கூடாது.

அடுத்தது உராய்வு. எஃகு ஊசிகள் போட்டு ஈரமாக உருட்டிக் கழுவிய கேஸ் கண்ணாடி போல மின்னும். பார்க்க அழகு. ஆனால் சுட்ட பிறகு கழுத்துக்குள் படிந்திருந்த மெல்லிய கரி, குண்டுக்கும் பித்தளைக்கும் நடுவே மசகாக இருந்தது. அதையும் சேர்த்துக் கழுவியாகிவிட்டது. வெறும் உலோகத்தில் உலோகம் இழுத்துப் பிடிக்கும். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் இரண்டும் ஒட்டியே போகும். விடுபடத் தேவைப்படும் விசை கேஸுக்குக் கேஸ் மாறும். வழி எளிது. கரியை நைலான் தூரிகையால் மட்டும் தேய்த்து விட்டுவிடுவது, இல்லையென்றால் கழுத்துக்குள் உலர்ந்த கிராஃபைட் தூளைத் தொட்டுவிடுவது. போட்டிக்காக முன்கூட்டியே ஏற்றி வைப்பவர்கள் குண்டை அரை மில்லிமீட்டர் வெளியே விட்டு வைத்து, முந்தின நாள் இரவு கடைசி அளவுக்கு அழுத்துவார்கள். ஒட்டியது அப்போது விட்டுவிடும்.

கழுத்தின் அடியில், தோள் தொடங்கும் இடத்தில், உள்ளே ஒரு கனத்த வளையம் சேர்வதும் உண்டு. குண்டின் முழு விட்டப் பகுதி அது வரை இறங்கினால் பிடி அங்கே திடீரென்று கூடும். இறங்காத நீளத்தில் ஏற்றினால் அந்த வளையத்தைப் பற்றிக் கவலையில்லை. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளே ரீமர் என்ற குடையும் கருவியை விட்டு எடுக்க வேண்டும்.

ஏற்றும்போது கைப்பிடியே பாதி சொல்லிவிடும். வாய் விளிம்பை உள்ளே சரிவாகச் சீவியிருந்தால் குண்டு வழுக்கிக்கொண்டு, ஒரே சீரான எதிர்ப்போடு இறங்கும். சீவாவிட்டால் விளிம்பு கத்தி போலச் செம்பைச் சுரண்டி, கழுத்து வாயில் மெல்லிய வளையமாக நிற்கும். ஐம்பது தோட்டாவில் நாலைந்து மட்டும் அழுத்தமாகவோ, வெண்ணெயில் இறங்குவது போலவோ போனால் அவற்றைத் தனியே வைத்துக் குழல் சூடேற்றும் சூடுகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். கேஸ் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும்: .308க்கு மேல் வரம்பு 2.015 அங்குலம், வெட்டி வைக்கும் அளவு 2.005. நீளம் மாறினால் குண்டைப் பிடிக்கும் பரப்பும் மாறும்.

இறுக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்பது இதைவிட முக்கியம். மேகசினில் உள்ள தோட்டாவின் குண்டு, ஒவ்வொரு சூட்டின் உதைப்பிலும் முன்சுவரில் மோதும். பிடி போதாவிட்டால் உள்ளே இறங்கிவிடும். உள்ளே இறங்கினால் மருந்துக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறும். சோதிக்க வழி: ஒரு தோட்டாவின் முழு நீளத்தை அளந்து எழுதிக்கொண்டு, மேகசினின் அடியில் வைத்து, மேலே உள்ளவற்றைச் சுட்ட பிறகு அதை எடுத்துத் திரும்ப அளப்பது. நீளம் குறைந்திருந்தால் அந்த ஏற்பாடு ஆகாது. எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. குண்டின் மூக்கு, குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரியில் பதியும்படி நீளமாக ஏற்றிவிட்டு, சுடாமல் தோட்டாவை வெளியே எடுத்தால் குண்டு குழலிலேயே நிற்க, கேஸ் மட்டும் வெளியே வந்து மருந்து முழுவதும் போல்ட்டுக்குள் கொட்டும்.

'கிரிம்ப் போட்டால் தீர்ந்தது' என்பது பலருக்கு உள்ள நம்பிக்கை. பள்ளம் வெட்டாத குண்டில் கேஸின் வாயை இப்படி அழுத்தி மடக்கினால் பித்தளை குண்டைவிடக் கூடுதலாகத் திரும்பித் துள்ளும். பிடி கூடுவதற்குப் பதில் தளர்ந்தே போகலாம். பட்டாளத் தோட்டாவில் கிரிம்பும் கழுத்தில் அடைப்புப் பூச்சும் இருப்பதைப் பார்த்துவிட்டு இதைச் செய்கிறார்கள். அங்கே குண்டில் பள்ளம் உண்டு. இயந்திரத் துப்பாக்கியின் உலுக்கலையும் மழையையும் தாங்க வேண்டிய சரக்கு அது.

எந்த இறுக்கம் வைத்தாலும் ஒரு சரிபார்ப்பைத் தவிர்க்கக் கூடாது. குண்டு ஏற்றிய கழுத்தின் வெளிவிட்டம், துப்பாக்கி அறையின் கழுத்து விட்டத்தைவிடக் குறைந்தது 0.002 அங்குலமாவது சிறியதாக இருக்க வேண்டும். கனமான கேஸ் வாங்கிக் குறுகலான போட்டி அறையில் போட்டால் கழுத்து விரிய இடமில்லாமல் குண்டை விடாது. அழுத்தம் அபாய அளவுக்கு ஏறும்.

இங்கே உள்ளூரில் லைசென்ஸ் வைத்து .315 ரைபிள் சுடுகிறவர்களுக்கும், ரேஞ்சில் .22 சுடும் பிள்ளைகளுக்கும் இதில் செய்வதற்கு அதிகம் இல்லை. .22இல் பற்றவைக்கும் கலவை கேஸின் விளிம்புக்குள் இருப்பதால் அது திரும்ப நிரப்பும் சாதியே அல்ல. வாங்கிய தோட்டாவில் குண்டை விரலால் திருகிப் பார்க்கலாம். சுற்றினாலோ, பெட்டியில் மற்றவற்றைவிடக் குள்ளமாகத் தெரிந்தாலோ அதைச் சுடாமல் வாங்கிய கடையில் திருப்பித் தர வேண்டும். நீளம் ஒத்துவரவில்லை என்று தட்டி உள்ளே இறக்குவது கூடவே கூடாது.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தக் கட்டத்தைத் திருத்தி, 0.005 என்ற இடத்தில் '0.001 முதல் 0.003 வரை, குண்டு ஏற்றிய கழுத்துக்கும் சுருக்கிய கழுத்துக்கும் உள்ள வெளிவிட்ட வித்தியாசம்' என்று வெளியிட வேண்டுகிறேன். எந்த இரண்டு அளவுகளுக்கு இடையிலான வித்தியாசம் என்பதையும் சேர்த்துப் போட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மரர் (ஆயுதம் பழுதுபார்ப்பவர்) ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.